நான் கழற்றி எறிந்த கூரை

“…முன் சீற் நல்லாய் இருக்கு, பக்கத்தில அந்த மரப்பலகை மாதிரி ஒட்டினதும் நல்லாய் இருக்கு. நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா கூரையில குத்தியிருந்த பின்னுகள் எங்க தம்பி?”

போன ஆகஸ்ட் மாதத்துக் கடைசி ஞாயிறு, பின்னேரம் நாலு மணி இருக்கும். ஸ்காபரோவில், வெக்ஸ்போர்ட் பக்கத்தில், எங்கள் வீட்டுக் கராஜுக்கு முன்னால் நின்ற காருக்குள் இருந்துகொண்டு அன்ரி என்னிடம் கேட்ட கேள்வி அது. இரண்டு வருடம் மாய்ந்து மாய்ந்து திருத்திய கார். ‘அச்சாவாய் இருக்கு தம்பி’ என்று ஒரு சொல் வரும், அதைக் கேட்டு உச்சி குளிரலாம் என்று கதவைப் பிடித்தபடி நின்றேன். அந்தக் கேள்வி வந்ததும் கதவுக் கைப்பிடி மட்டும்தான் எனக்குத் துணை.

அன்ரி எனக்குச் சொந்தமில்லை. எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி இருந்தவர். எண்பது வயதை எட்டிப் பிடிக்கிறவர். அங்கிள் காலமாகிப் பல வருடங்கள். அவர்களுடைய வீட்டுப் பின் வளவில் நீலத் தறப்பாள் மூடிய பெரிய உருவம் ஒன்று பனியிலும் வெயிலிலும் கிடக்கும். படுத்திருக்கிற எருமை என்றுதான் என் மனைவி அதைச் சொல்லுவாள். உள்ளே இருந்தது எழுபதுகளின் கடைசியில் அமெரிக்காவில் செய்த ஸ்டேஷன் வாகன். பெயரைச் சொன்னால் விளம்பரம் ஆகிவிடும், விடுங்கள். மூன்று வரிசை சீற். கடைசி வரிசையில் இருக்கிறவர்கள் பின்பக்கத் தெருவைப் பார்த்துக்கொண்டு போகவேண்டும். இப்போதைய கார் இரண்டை அதன் வயிற்றுக்குள் நிறுத்தலாம் என்று என் கூட்டாளி சொல்லுவான். கொஞ்சம்தான் கூட்டிச் சொன்னான்.

எனக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்காதீர்கள். பகலில் ஒரு பண்டகசாலையில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் நான். கார்த் திருத்த வேலையை யாரும் சொல்லித் தரவில்லை. வீடியோ பார்த்துப் பார்த்து, கையைச் சுட்டுச் சுட்டுப் பழகியதுதான். அதற்கு முன் இரண்டு பழைய கார்களை உருப்படியாக்கி இருந்தேன், ஒன்றை உருப்படாமலும் ஆக்கியிருந்தேன்.

அன்ரி வீட்டை விற்றுவிட்டு எட்மன்டனில் இருக்கும் மகளிடம் போகப்போவதாக முடிவெடுத்தபோது என்னைக் கூப்பிட்டு அந்தக் காரின் திறப்பைக் கையில் வைத்தார்.

“இதைக் கொண்டுபோம். எனக்கு ஒண்டும் தரவேண்டாம். ஆனா நான் போறதுக்கு முதல், இவர் ஓடேக்க இருந்த அதே காராய் இதைச் செய்து, ஒருக்கா என்னை ஏத்திச் சுத்திக் காட்டவேணும். ஏலுமெண்டால் சொல்லும். ஏலாட்டி பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்துவிடுறன்.”

“ஏலும் அன்ரி” என்றேன். ‘அதே காராய்’ என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. விளங்கவில்லை என்பது பிறகுதான் விளங்கியது.

வேலை தொடங்கினால், பனி உருகவென்று தெருவுக்குப் போடுகிற உப்பு அந்தக் காரின் அடிப்பாகத்தைத் தின்று தீர்த்திருந்தது. தரையில் பெரிய பெரிய ஓட்டைகள். பிறேக் குழாய்கள் கைபட்டதும் உதிர்ந்தன. கார்பரேட்டருக்கு மேலிருந்த காற்று வடிகட்டியைத் திறந்தால் உள்ளே எலி ஒன்று குடும்பத்தோடு வாழ்ந்துபோன அடையாளம். ஒவ்வொரு சனி ஞாயிறும் கராஜுக்குள்தான் நான். தேத்தண்ணி கொண்டுவந்த மனைவி ஒருநாள் வாசலில் நின்று, “என்னைக் கட்டி இருபத்தாறு வருசம். உந்த ஸ்பானரைப் பிடிக்கிற மாதிரி ஒருநாள் என்ர கையைப் பிடிச்சிருப்பீங்களே?” என்று கேட்டாள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வாயில் ஒரு திருகாணி இருந்தது.

இஞ்சின் முதல் தடவை உறுமிய அன்று தெருவே வெளியே வந்தது. அன்ரியும் தன் வீட்டுப் படியில் நின்று கையை உயர்த்திக் காட்டினார். அடுத்த கோடைக்குள் தரை, பிறேக், வர்ணம் எல்லாம் முடிந்தன. பக்கவாட்டில் ஒட்டுகிற மரப்பலகை மாதிரித் தாளைக்கூட ஒஹாயோவில் ஒருவரிடம் சொல்லி எடுப்பித்தேன். ஆகக் கடைசியாக மிஞ்சியது உள்கூரை.

அந்தக் காலத்துக் கார்களில் கூரையின் உட்பக்கத் துணி ஒரு மெல்லிய ஸ்பொஞ்சின்மேல் ஒட்டியிருக்கும். பழசானால் ஸ்பொஞ்ச் மஞ்சள் மாவாக உதிரும். துணி தொங்கி உள்ளே இருக்கிறவர்களின் தலையில் முட்டும். இந்தக் காரிலும் அதே கதைதான். ஆனால் தொங்கிய துணியை யாரோ இடம் இடமாக சேஃப்டி பின்னால் குத்தி நிறுத்தியிருந்தார்கள். ஒன்றிரண்டு அல்ல. முன்னால், பின்னால், மூலை முடுக்கெல்லாம் பின். துருப்பிடித்தவை, பித்தளை நிறத்தவை, குழந்தைக்கு நப்பி கட்டுகிற நீலத் தலைப் பின் ஒன்று, மாதா பதக்கம் தொங்கிய பின் ஒன்று.

என் கூட்டாளி அண்ணாந்து பார்த்துவிட்டு, “அங்கிள் சரியான கையிறுக்கம் போல. கூரை தைக்கக் காசு கேப்பாங்களெண்டு முழுப் பெட்டி பின்னையும் குத்தி முடிச்சிருக்கிறார்” என்றான். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். எல்லாவற்றையும் பிடுங்கி ஒரு வெறும் யோகர்ட் பேணிக்குள் போட்டேன். பழைய துணியைச் சுருட்டி அதன்மேல் வைத்துக் குப்பைப் பையைக் கட்டினேன். செவ்வாய்க்கிழமை குப்பை வண்டி வந்து எடுத்துப் போனது. புதுத் துணி ஒட்டிய கூரை, இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி ஒரு சுருக்கம் இல்லாமல் இருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். எதைத்தான் காட்டவில்லை!

அந்தக் கூரையைத்தான் ஞாயிற்றுக்கிழமை அன்ரி அண்ணாந்து பார்த்தார். புதன்கிழமை அவருக்குப் பிளேன்.

“எறிஞ்சு போட்டன் அன்ரி” என்று உண்மையைச் சொன்னேன். வேறென்ன சொல்ல?

அன்ரி அழவில்லை, ஏசவும் இல்லை. கையை நீட்டிப் புதுத் துணியை ஒருதரம் தடவினார். எண்பதுகளில் ஊர்ச் சண்டைக்குத் தப்பி இங்கே வந்து இறங்கிய ஆட்களை ஏர்போட்டிலிருந்தும் அமெரிக்க எல்லையிலிருந்தும் அங்கிள் இந்தக் காரில்தான் ஏற்றி வந்தாராம். யாரென்றே தெரியாதவர்கள். நடுச்சாமத்தில் போன் வந்தாலும் உடுப்பை மாற்றிக்கொண்டு வெளிக்கிடுவாராம். பெற்றோலுக்கென்று ஒருவரும் ஒரு சதம் நீட்டக்கூடாது. நீட்டினால் காரை ஓரமாக நிறுத்திவிடுவார். இந்த அங்கிளைத்தான் நாங்கள் கையிறுக்கம் என்று சிரித்தோம்.

“ஒருநாள் துணி அவிண்டு ஒரு பொம்பிளைப் பிள்ளையின்ர தலையில விழுந்திட்டுது. அவள் தன்ர தாலிக்கொடியில கொழுவியிருந்த பின்னைக் கழட்டிக் குத்திவிட்டாள். அடுத்தமுறை வந்தவளும் காப்பில கிடந்த ஒண்டைக் குத்தினாள். பிறகு அது வழக்கமாப் போச்சு. நான் இவரிட்ட, ‘மனுசா, கூரையை ஒருக்கா ஒட்டுவியுங்கோவன், வெக்கமாக் கிடக்கு’ எண்டனான். விடவேமாட்டன் எண்டுட்டார்.”

“ஏன் அன்ரி?”

“வெறுங்கையோட வந்து இறங்குதுகள். ஆற்றையோ காரில, ஆற்றையோ சட்டையைப் போட்டுக்கொண்டு. இனி எல்லாம் வாங்கிற கைதான். ‘ஒரு பின்னைக் குத்திப்போட்டு இறங்கேக்க அதுகளின்ர முகத்தைப் பாத்தனியே? தாங்களும் ஏதோ குடுத்திட்டம் எண்டு ஒரு ஆறுதல். இந்தக் கூரையை ஒட்டினால் அதுகள் எதைக் குடுக்கும்?’ எண்டு கேட்டவர்.”

ஒஹாயோவில் முகம் தெரியாத ஒருவருக்கு ஒட்டுகிற தாளைப் பற்றி இருபது தடவை எழுதிக் கேட்டவன் நான். மூன்று வீடு தள்ளி நடந்துபோய், ‘அன்ரி, இந்தப் பின்னுகள் என்ன?’ என்று ஒரு சொல் கேட்கவில்லை. அதே கார் என்று வாக்குக் கொடுத்து, அந்தக் காரை அந்தக் காராக வைத்திருந்த ஒன்றை மட்டும் தேடிப் பிடித்து எறிந்திருந்தேன். “மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி” என்றேன்.

“கேட்டிருக்கலாம்” என்றார். ‘பரவாயில்லை’ என்று சொல்லவில்லை. அதற்காக இன்றைக்கும் அவரை மதிக்கிறேன். பிறகு, “சரி, காரை எடும். நிண்டுகொண்டிருந்தால் பின் முளைக்கப்போகுதே?” என்றார்.

எடுத்தேன். தெருவில் போகிறவர்கள் கைகாட்டினார்கள், சில கார்கள் ஹோர்ன் அடித்தன. அன்ரி அவற்றைக் கவனிக்கவில்லை. அண்ணாந்தபடி, ஒன்றுமில்லாத புதுக் கூரையில் விரலை வைத்து வைத்துச் சொல்லிக்கொண்டே வந்தார்.

“இதில ஒரு டீச்சர். வழி முழுக்கச் சத்தி எடுத்துக்கொண்டு வந்தவ. இறங்கேக்க சேலையில குத்தியிருந்ததைக் கழட்டிக் குத்தினவ, பிறகு சேலையை ஒரு கையால பிடிச்சுக்கொண்டுதான் படியேறினவ. அந்த நீலத்தலை, பிள்ளைத்தாச்சி ஒண்டு, பிறக்கப்போற பிள்ளைக்கெண்டு கொண்டுவந்ததில ஒண்டைக் குத்தினது. உங்க, உந்தக் கண்ணாடிக்கு மேல, மன்னார்ப் பிள்ளை. மாதா பதக்கத்தோட குத்தினவள். ‘பதக்கத்தைக் கழட்டி வைச்சுக்கொள்ளு பிள்ளை’ எண்டன். ‘இன்னும் ஆக்கள் வருவினம் அன்ரி, மாதா இதிலயே இருக்கட்டும்’ எண்டவள்.”

ஒன்றும் தவறவில்லை. ஒவ்வொரு பின்னும் எந்த இடத்தில், யாருடையது, அன்றைக்கு வெளியில் பனியா மழையா, எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. நான் எறிந்தது எனக்குத்தான் இல்லாமல் போயிருந்தது.

டோர்செட் பார்க் பக்கம் வந்ததும் உயரமான அடுக்குமாடிக் கட்டிடம் ஒன்றின் முன்னால் நிறுத்தச் சொன்னார். கைப்பையிலிருந்து போனை எடுத்து அழுத்தினார்.

“பிள்ளை, கீழ இறங்கி வா. ஏனெண்டு கேளாதை. கறி அடுப்பில எண்டால் நிப்பாட்டிப்போட்டு வா. எங்கட கார் வந்து நிக்குது… ஓம், அதே கார்தான்.”

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “மன்னார்ப் பிள்ளை” என்றார். “இண்டைக்கு இவள். நாளைக்கும் நாளையண்டைக்கும் ஆர் ஆர் கிடைக்கினமோ, அவையளையும் ஏத்துவம். வேலையெண்டு சொல்லிப்போடாதையும்.”

“லீவு போடுறன் அன்ரி” என்றேன்.

அதற்குப் பிறகும் நான் பழைய கார்களைத் திருத்துகிறேன். ஆனால் ஒரு கார் கைக்கு வந்தால், அதில் முன்பு யார் யார் இருந்து போனார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஒரு ஆணியைக்கூடக் கழற்றுவதில்லை. அந்தப் பழக்கம் எனக்கு வந்தது அந்தக் கட்டிடத்தின் வாசலில்தான்.

நரைத்த தலையோடு அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வீட்டுச் செருப்போடு வாசலுக்கு வந்து, காரைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். அன்ரி உடனே தன் பெல்ட்டைக் கழற்றத் தொடங்கினார்.

“எங்க அன்ரி இறங்குறீங்கள்? அவ பின்னால ஏறட்டுமே” என்றேன்.

“புதுசா வாறவை முன்னுக்கு இருந்து ஊரைப் பாக்கவேணும். நாங்கள் அப்பிடித்தான் கூட்டிக்கொண்டு வாறனாங்கள்.”

“அவ புதுசே? வந்து முப்பத்தைஞ்சு வருசத்துக்கு மேல இருக்குமே!”

“இந்தக் காருக்கு அவள் எப்பவும் புது ஆள்தான்” என்று சொல்லிவிட்டு, அன்ரி கதவைத் திறந்து மெல்ல இறங்கி, காரின் விளிம்பைப் பிடித்துப் பிடித்து நடந்துபோய், பின் சீற்றில் ஏறி ஒரு ஓரமாக ஒதுங்கி இருந்துகொண்டார்.