சக்கரை கொஞ்சம் ஜாஸ்தி

நான் செய்த முதல் திருட்டு ஒரு மிளகு அளவுதான் இருக்கும். அதற்கே ஒரு கல்யாண வீடு மொத்தமும் மூச்சடைத்து நின்றது. அப்போது எனக்கு எட்டு வயது. விவேக் நகரில் குடியிருந்தோம். கல்யாணம் சித்திக்கு, அம்மாவின் கடைசித் தங்கைக்கு.

நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் அம்மா நகை கேட்கவில்லை, பாத்திரம் கேட்கவில்லை. "கேக் மட்டும் மூணு அடுக்கா வச்சிடுங்க. எங்க சொந்தக்காரங்க கண்ணெல்லாம் அதுலதான் இருக்கும்" என்றார். சொல்லிவிட்டு காபியை ஒரு வாய் குடித்து, டிகாஷன் கம்மி என்றார். கேசரிக்கு நெய் பத்தாது, வடைக்கு உப்பு பத்தாது. ஒரு குறையும் சொல்லாமல் அந்த அம்மாள் தட்டைக் கீழே வைத்து நான் பார்த்ததில்லை.

பேக்கரியில் மூன்று அடுக்குக்குச் சொன்ன விலையைக் கேட்டு அம்மா அப்படியே வீட்டுக்கு நடந்து வந்துவிட்டாள். ஆட்டோ ஓட்டும் மாமாதான் வழி கண்டுபிடித்தார். லிங்கராஜபுரத்தில் ஒருவர் கேக்கை வாடகைக்குக் கொடுக்கிறாராம். கேக்கை வாடகைக்கு எடுத்தால் எப்படித் தின்றுவிட்டுத் திருப்பிக் கொடுப்பது என்று நான் குழம்பிப்போனேன். மாமா சொன்ன பிறகுதான் புரிந்தது: உள்ளே முழுக்க மரம், மேலே கல்லாக இறுகிய வெள்ளை ஐசிங். கீழ் அடுக்கில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழி. அதில் நிஜக் கேக்கை வைத்து ஐசிங்கால் பூசி மூடிவிடுவார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் அங்கே வெட்டி ஊட்டிக்கொண்டால் போதும். வந்தவர்களுக்கு சாதா கேக்கைத் துண்டு போட்டுப் பொட்டலமாகக் கொடுத்துவிடலாம்.

சித்திக்கு மனசே ஆறவில்லை. "அவங்களுக்குத் தெரிஞ்சா அந்த வீட்ல நான் எப்படிண்ணா தலை நிமிர்ந்து நடப்பேன்?" என்று அழுதாள்.

"ஏம்மா டென்ஷன் ஆவற? வெட்டற எடத்துல அடையாளத்துக்கு ஒரு வெள்ளி உருண்டை ஒட்டித் தராரு. அத மாப்பிள்ளை பக்கம் திருப்பி வச்சா முடிஞ்சுது. யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் மாமா.

கல்யாணத்தன்று மாதா கோயிலில் பூசை நடக்கும்போது, பக்கத்து ஹாலில் கேக்குக்குக் காவலாக என்னை விட்டார்கள். கையில் ஒரு விசிறி. ஈ உட்காரக் கூடாது, பசங்கள் கை வைக்கக் கூடாது. ஈயையும் விடவில்லை, பசங்களையும் அண்டவிடவில்லை. என்னை யார் காவல் காப்பது என்றுதான் ஒருவருக்கும் தோன்றவில்லை! பூசை நீண்டுகொண்டே போயிற்று. சர்க்கரையில் செய்த அந்த வெள்ளி உருண்டை என் கண்ணெதிரே மின்னிக்கொண்டே இருந்தது. சத்தியமாக, தொட்டுத்தான் பார்த்தேன். கையோடு வந்துவிட்டது. திரும்ப ஒட்டத் தெரியவில்லை. வாயில் போட்டுக்கொண்டேன்.

பேண்டு சத்தம் கேட்டதும் மாமாவும் இன்னொருவரும் கேக்கை மேடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். தூக்கின வேகத்தில் எந்தப் பக்கம் எங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை. மாமா உருண்டையைத் தேடிக் கேக்கை ஒரு சுற்றுச் சுற்றினார். என்னைப் பார்த்தார். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அதற்குள் பெண்ணும் மாப்பிள்ளையும் மேடை ஏறிவிட்டார்கள்.

கத்தி இறங்கியது. டொக்.

சித்தியின் முகம் வெளிறிப்போனது. மாப்பிள்ளையிடம் யாரும் எதுவும் சொல்லி வைத்திருக்கவில்லை. அவர் கத்தியைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார். பிறகு இன்னும் இரண்டு தடவை அறுப்பதுபோல் கத்தியை இழுத்துவிட்டு, இரண்டு விரலால் எதையோ எடுத்து சித்தியின் வாயில் வைத்தார். விரலில் ஒன்றுமே இல்லை. மேடையை ஒட்டி நின்ற எனக்கு நன்றாகத் தெரிந்தது. சித்தி மென்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். போட்டோக்காரர் சும்மா இருந்தாரா? "சார், கை மறைச்சிடுச்சு, இன்னொரு வாட்டி ஊட்டுங்க" என்றார். இன்னொரு வாட்டியும் ஊட்டினார். அவளும் மென்றாள்.

அடுத்து மாமியாருக்கு ஊட்ட வேண்டும். அவருக்குப் பின்னால் அவர்கள் சொந்தக்காரர்கள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்தி வெறும் விரல்களை நீட்டினாள். அந்த அம்மாள் விரல்களையே ஒரு நிமிஷம் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு பாதி அருள்நிறை மரியே செபம் சொன்னேன்.

திறந்து பார்த்தால், அந்த அம்மாள் மென்றுகொண்டிருந்தார். நிதானமாக மென்று, விழுங்கி, கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"எப்படி இருக்கு அண்ணி?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"நல்லாத்தான் இருக்கு. சக்கரைதான் கொஞ்சம் ஜாஸ்தி."

எனக்கு வந்ததே கோபம்! இல்லாத கேக்கிலுமா குறை கண்டுபிடிப்பார்கள்? சித்திக்குக் கண்ணில் தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. நான் தின்ற உருண்டையை அந்த நிமிஷமே மறந்துவிட்டேன். எல்லாப் பழியையும் அந்த அம்மாள் தலையில் போட்டேன். அதற்கப்புறம் ரொம்ப வருஷம், அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் ஒரு டம்ளர் தண்ணீர்கூட நான் கொண்டுபோய்க் கொடுத்ததில்லை.

அன்றைக்கு எனக்குப் புரியாதது ஒன்றே ஒன்றுதான். அவ்வளவு பெரிய குறையைச் சொன்ன மாமியாரின் கையை, போட்டோவெல்லாம் எடுத்து முடிந்த பிறகும், சித்தி ஏன் விடவே மாட்டேன் என்று பிடித்துக்கொண்டு நின்றாள்?