அத்தை அவரைக்காய் உரித்த வீடுகள்

தொம்மலூரில் ஒரு கம்பெனியின் வரவேற்பறை. தீபாவளிக்கு முன் தைத்துக் கொடுத்த யூனிஃபார்முக்கு இன்னும் பணம் வரவில்லை. நாளை என் தையல்காரர்களுக்குச் சம்பளம் தந்தாக வேண்டும். இருப்புக் கொள்ளவில்லை. யாரோ டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். அவரைக்காய் வாசனை.

என் சின்ன வயதில், ஆஸ்டின் டவுனில் அப்பா தைத்த துணிக்குப் பாக்கி வாங்க அத்தைதான் என்னையும் கூட்டிக்கொண்டு போவாள். பாக்கி வைத்தவர் வீட்டிலேயே முறம் கேட்டு வாங்கி, பை நிறையக் கொண்டுபோன அவரைக்காயைக் கொட்டி, நடுக்கூடத்தில் உரிப்பாள். பணம் என்ற பேச்சே எடுக்க மாட்டாள். எனக்கு அவமானமாக இருக்கும். கதவோரம் ஒட்டிக்கொண்டு நிற்பேன்.

"எவ்ளோ நேரம்க்கா இப்படி உக்காந்திருப்பே?" என்பாள் வீட்டுக்காரம்மா.

"காய் நிறைய இருக்குதும்மா. நீ உன் வேலையப் பாரு."

வெளியிலிருந்து யாராவது வந்து, "யாரு இவங்க?" என்று கேட்டால் போதும். வீட்டுக்காரம்மா பீரோவைத் திறந்துவிடுவாள்.

அக்கவுண்ட்ஸ்காரர் வெளியே வந்தார். "சார் மீட்டிங்ல இருக்காரு மேடம். மண்டே வாங்களேன்."

எப்போதும் சரி என்று எழுந்துவிடுவேன்.

"பரவால்ல, இருக்கேன்."

"ரொம்ப லேட் ஆகும்."

"கடையில சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்."

உள்ளே போனார். சாத்திய கதவு மறுபடி திறந்தது.

"பில் நம்பர் என்ன மேடம்?"