மிச்சச் சோற்றுக் கம்பெனி

"என் கையில உருட்டுன சோத்துக்கு வாயத் தொறக்காத உசுரு இந்த அக்கரப்பத்தனை மலையில இன்னும் பொறக்கலைங்க. இனிமேதான் பொறக்கணும்."

இந்தப் பிரகடனத்தைச் சோலைமலை வெளியிட்டது 1954ஆம் ஆண்டு, தீபாவளிக்கு முந்திய வாரம், தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவுக் கொழுந்து மடுவக் கொட்டகையின் வாசலில். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கூடை இறக்க வந்த பெண்களும், படியில் படுத்திருந்த ஒரு நாயும், கொழுந்து நிறுக்கும் தராசும். தராசுக்கு மட்டும் கொஞ்சம் சந்தேகம் இருந்திருக்கலாம். எதையும் நாலு றாத்தல் குறைத்து மதிப்பிடுவது அதன் பிறவிக் குணம்.

பிரகடனம் செய்தவர் அப்போது நாற்பதைத் தாண்டியவர். தொழில், கவ்வாத்து வெட்டுவது. அதாவது, வளர்ந்துவிட்ட தேயிலைச் செடியின் தலையைக் கத்தியால் சீவி, மறுபடியும் இடுப்பளவுக்குக் கொண்டுவருவது. எதுவும் தன் இஷ்டத்துக்கு உயரக் கூடாது என்பது தோட்டத்தின் கொள்கை. அதைச் செடி மட்டத்தில் அமல்படுத்தும் பொறுப்பு சோலைமலையுடையது. குடியிருப்பு, தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பரா, அதாவது ஓர் ஒற்றை அறை. அதற்கு அப்பால் தண்ணீர் ஓடும் கான் ஒன்று, பிறகு பனி.

அந்தக் காம்பராவில் முன்பு மூன்று பேர் இருந்தார்கள். மனைவி காளியாயி, மகளையும் கூட்டிக்கொண்டு தன் தாயின் சாவுக்காகக் கடல் தாண்டி முசிறிப் பக்கம் போனாள். போகும்போது ஒரு சட்டம் இருந்தது. திரும்பி வர நினைத்தபோது வேறொரு சட்டம் இருந்தது. இரண்டு அரசாங்கங்களும் அவளை மிகுந்த மரியாதையோடு ஒன்று மற்றதன் பக்கம் கைகாட்டின. அவர்கள் வந்துவிடுவார்கள் என்று சோலைமலை இங்கேயே இருந்தார். அவர் வந்துவிடுவார் என்று அவர்கள் அங்கேயே இருந்தார்கள். இப்படியாக ஒரு குடும்பம் இரண்டு நாடுகளிலும் விசுவாசமாகக் காத்திருந்தது.

மகள் இருந்த காலத்தில் சோறு ஊட்டும் இலாகா அவரிடம்தான் இருந்தது. அவள் சாமானிய ஆள் இல்லை. உதட்டைப் பூட்டிக்கொண்டால் துரை வந்து சொன்னாலும் திறக்கமாட்டாள். அவளிடம் படித்த படிப்புதான் பின்னாளில் மூலதனமாயிற்று. ஆனால் அவள் போன பிறகு அந்தப் படிப்பு சும்மா கிடந்தது. தனக்கு மட்டும் உலை வைக்க சோலைமலைக்குக் கூச்சமாக இருந்தது. ஒற்றை ஆளுக்கு ஒரு அடுப்பா என்று யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை. அதனால் ஒரு ரொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, வாசற்படியில் நின்றபடி, வெளியே பார்த்துத் தின்று முடிப்பார். உட்கார்ந்து தின்றால் எதிரில் யாரும் இல்லாதது தெரியும்.

கம்பெனி பிறந்த கதை இதுதான். லயத்தில் ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. பக்கத்துக் காம்பரா நாகலெட்சுமி கொழுந்து எடுத்துவிட்டு, விறகையும் பொறுக்கிக்கொண்டு, இருட்டும் நேரத்தில் வந்து அடுப்பு மூட்டுவாள். சோறு வேகும்போது அவள் மகன் சின்னராசாவுக்குத் தூக்கம் வந்துவிடும். ஊட்டினால் துப்புவான். துப்பியதற்கு அடி விழும். பசியோடு தூங்கி நடுச்சாமத்தில் எழுந்து அழுவான். காலையில் அவள் தூக்கக் கலக்கத்தோடு, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் பிந்திப் போவாள். பிந்தியவளுக்கு அன்றைக்கு வேலை இல்லை என்று கணக்கப்பிள்ளை திருப்பி அனுப்புவார். ஒரு பிள்ளை வாய் மூடினால் ஒரு தாய்க்கு நாள் போயிற்று. புருஷன் அழகன் இதையெல்லாம் அறியமாட்டான். ஆண்களுக்கு மத்தியானத்தோடு வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு அவர்கள் கோயில் மரத்தடியில் சீட்டுக்கட்டை வைத்துக்கொண்டு நாட்டின் எதிர்காலத்தைப் பரிசீலிப்பார்கள்.

இந்த ரகளையைச் சுவருக்கு மேலாகக் கேட்டுக் கேட்டு ஒரு நாள் சோலைமலையின் கால் தானாக நடந்துவிட்டது. வாசலில் நின்று, "தங்கச்சி, அந்தத் தட்ட இங்கிட்டுக் குடு" என்றார். நாகலெட்சுமிக்கு வாதாடத் தெம்பு இல்லை. கொடுத்துவிட்டாள்.

சோலைமலை பையனைப் பார்க்கவே இல்லை. தட்டை முன்னால் வைத்து, தலையில் துண்டைப் போட்டுக் கொழுந்துக்காரி மாதிரி குனிந்து, ஒரு உருண்டையை உயர்த்திப் பிடித்தார். "கணக்கப்புள்ள ஐயா, கூட கொண்டாந்திருக்கேன். எட பாருங்க சாமி" என்று கெஞ்சினார். சின்னராசாவுக்கு வயது மூன்றரை. இருந்தாலும் கணக்கப்பிள்ளை என்றால் யார் என்று தெரியாத அளவுக்கு அவன் குழந்தை இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்தான். உருண்டையை வாயில் வாங்கி, எடை பார்த்து, விழுங்கினான்.

"கொறையுது" என்றான்.

இதுதான் சோலைமலை கண்டுபிடித்த தொழில் ரகசியம். தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த அதிகாரி ஒருவர்தான், அவர் எந்தக் கூடையையும் போதும் என்று சொன்னதில்லை. எனவே கணக்கப்பிள்ளை வேஷம் கட்டிய பிள்ளையும் போதும் என்று சொல்லாது. ஒரு உருண்டைக்குக் குறையுது, அடுத்ததற்கு ஈரம், அதற்கடுத்ததில் முத்தல் இலை கலந்திருக்கு. இப்படியே தட்டு காலியாகும். பேச்சு வராத கைக்குழந்தைகளுக்கு இந்த நாடகம் செல்லாது. அவர்களுக்கு உருளைக்கிழங்கைப் பருப்புத் தண்ணியில் மசித்து விரல் நுனியில் வைத்து, முதலில் தான் சப்பி, ஆகா என்று கண்ணை மூடிக் காட்டுவார். பொறாமையில் திறக்காத வாய் எந்த வயதிலும் கிடையாது.

அன்றைக்குத் தட்டின் ஓரத்தில் ரெண்டு வாய் மிஞ்சியது. அதைச் சோலைமலை அங்கேயே, அடுப்புச் சூட்டில், சம்மணம் போட்டு உட்கார்ந்து தின்றார். சின்னராசா அவர் தொடையில் தலை வைத்துத் தூங்கிவிட்டான். நாகலெட்சுமி தன் பங்கைப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். வீடு என்பது இதுதான் என்று சோலைமலைக்கு மறந்திருந்தது. மறுநாளும் வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அதை எந்த வாயால் கேட்பது? தொழில் என்று சொன்னால் கேட்கலாம்.

அப்படி உருவானதுதான் கம்பெனி. நிபந்தனை மிக எளியது. லயத்தில் எந்த வீட்டுப் பிள்ளைக்கும் சாயங்காலம் ஊட்டப்படும். கூலி, பிள்ளை மிச்சம் வைப்பது. அதை அந்த வீட்டிலேயே உட்கார்ந்து தின்ன உரிமை உண்டு. இந்தக் கடைசி வாசகத்தை அவர் ரொம்ப அலட்சியமாக, என்னவோ போகிற போக்கில் சொல்வதுபோலச் சொன்னார். மொத்த வியாபாரமும் அதற்குள்தான் இருந்தது.

உலகத்தில் எந்த வியாபாரியும் செய்யாத பிழையை இந்த நிபந்தனையில் சோலைமலை செய்திருந்தார். வேலை சரியாக நடந்தால் கூலி கிடையாது. அவர் கைராசி மலை முழுக்கப் பரவியது. பிள்ளைகள் வழித்து நக்கின. கம்பெனி செழித்தது, முதலாளி மெலிந்தார். ஐந்தாறு வீடு ஏறி இறங்கி, ஒரு கைப்பிடி சோறுகூடச் சேராமல் திரும்பிய நாட்கள் உண்டு. பெண்கள் பார்த்துவிட்டுத் தனியாக ஒரு தட்டு போட வந்தால், "அது கம்பெனி சட்டத்துக்கு ஒத்து வராதுங்க" என்று கறாராக மறுத்துவிடுவார். ஆனாலும் வெறும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து வீட்டார் தின்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். இந்த மலையில் அந்த வருஷங்களில் பசியோடும் சந்தோஷமாகவும் இருந்த ஒரே தொழிலதிபர் அவர்தான். கொழுந்து மடுவத்து வாசலில் நின்று அந்தப் பெரிய வார்த்தையைச் சொன்னது அப்போதுதான்.

புகழ் மேலே ஏறி ஏறிக் கடைசியில் கணக்கப்பிள்ளை செல்லசாமியின் வீட்டு வாசல் வரை போயிற்று. செல்லசாமியின் பேரன் நாலு வயதுக்காரன். வீட்டில் நெய் இருந்தது, முட்டை இருந்தது, அவன் எதையும் தொடமாட்டான். பாட்டி ஆளனுப்பினாள். சோலைமலை குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு புறப்பட்டார். கம்பெனி உத்தியோகஸ்தர் வட்டாரத்துக்குள் கால் வைக்கிற நாள் அது.

அதே நாளில் செல்லசாமியின் மேலதிகாரியான கண்டாக்கு ஐயாவும் அங்கே வந்து, முன் விறாந்தையில் நாற்காலி போட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். இது யாருடைய குற்றமும் இல்லை. விறாந்தைக்கும் உள் அறைக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான்.

உள்ளே சோலைமலை துண்டைத் தலையில் போட்டுக் குனிந்தார். பேரனுக்கு ஒன்றும் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. அவன் தாத்தாவோடு மடுவத்துக்குப் போய்வருகிறவன். வாயில் வாங்கிய முதல் உருண்டைக்கே காலை அகட்டிக்கொண்டு எழுந்து நின்றான்.

"இருவத்தெட்டு றாத்தல். ஈரத்துக்கு நாலு கழி. கூடைக்கு ரெண்டு கழி. சாமிக்கு ஒண்ணு கழி. தாத்தாவுக்கு மூணு கழி."

விறாந்தையில் கோப்பை தட்டில் இறங்கும் சத்தம் கேட்டது.

"தாத்தாவுக்கு மூணா?" என்று திரைக்கு அந்தப் பக்கம் கண்டாக்கு ஐயா சாதுவாக விசாரித்தார். "சாமியவிட ரெண்டு கூடவால்ல இருக்கு, செல்லசாமி?"

பேரன் அன்றைக்கு முட்டையோடு தட்டைக் காலி செய்தான். பாட்டி கையெடுத்துக் கும்பிட்டாள். செல்லசாமி வாசல் வரை வந்து சோலைமலையை வழியனுப்பினார். அந்த மரியாதையைப் பார்த்ததும் சோலைமலை திரும்பிப் பார்க்காமல் நடையை எட்டிப் போட்டார்.

அடுத்த வாரம் தராசு கொஞ்ச நாளைக்கு உண்மை பேசியது. பெண்களுக்கு ஆச்சரியம். அதே வாரத்தில் செல்லசாமிக்குத் தோட்டத்தின் ஒழுக்கத்தைப் பற்றிய கவலை வந்தது. தன் பேரன் சொன்னதைக் காரணமாகச் சொல்லி ஒருவனைத் தண்டிக்க முடியாது. அதனால் வேறொரு காரணத்தைத் தேடி எடுத்தார். அவ்வளவு கண்ணியமான காரணம், யாரும் எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாது. பெரட்டில் ஆண்கள் வரிசையைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க மரத்தடியில சீட்டு வெளாடுற நேரத்துல, ஒங்க அடுப்படியில ஒரு ஒண்டிக்கட்ட உக்காந்து சோறு திங்கிறான். ஏன்டா, ஒங்களுக்கெல்லாம் மீச எதுக்கு?"

அந்தக் கேள்வி பெரட்டுக் களத்திலிருந்து கோயில் மரத்தடிக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொரு காம்பராவுக்கும் போயிற்று. இத்தனை காலம் தங்கள் பிள்ளை தின்றதா என்று கேட்காத தகப்பன்மார், ஒரே நாளில் தங்கள் மானத்தை எவன் தின்றான் என்று கேட்க ஆரம்பித்தார்கள். அழகன் சீட்டுக்கட்டைக் கீழே வைத்துவிட்டு நேரத்தோடு வீட்டுக்கு வந்தான். தான் சந்தேகப்படவில்லை என்பதை நாகலெட்சுமியிடம் நாலைந்து தடவை சத்தம்போட்டுச் சொன்னான். எல்லாம் சுவருக்கு மேலே கேட்டது.

அன்று சாயங்காலம் சோலைமலை புறப்படவில்லை. துண்டை மடித்துக் கொடியில் போட்டார். கம்பெனி மூடப்பட்டதாக அறிவிப்பு எதுவும் இல்லை. நாகலெட்சுமியே வாசலுக்கு வந்தாள்.

"அண்ணே, நான் ஒண்ணும் வரவேணாம்னு சொல்லலியே."

"நீ சொல்லமாட்ட தங்கச்சி. எனக்கு இப்பல்லாம் மூட்டு வலி. ஏறி எறங்க முடியல."

அவர் காம்பராவிலிருந்து அவள் காம்பராவுக்கு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

பிள்ளைகள் பட்டினி கிடந்துவிடவில்லை. அதுதான் இந்தத் தொழிலின் பெரிய துரோகம். சின்னராசா இரண்டு நாள் அழுதான். பிறகு தானே ஒரு கையால் ஊட்டி, தானே கணக்கப்பிள்ளையாக எடை பார்த்து, தானே குறையுது என்று சொல்லி உரக்கத் தின்னத் தொடங்கினான். மற்ற வீடுகளில் தகப்பன்மார் மானத்தின் பொருட்டுக் குனிந்து துண்டைத் தலையில் போட்டார்கள். சிலர் நன்றாகவே செய்தார்கள்.

நாகலெட்சுமி நன்றி மறக்கிறவள் இல்லை. ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு தட்டு நிறையச் சோறு போட்டு, மேலே பருப்பு ஊற்றி, இன்னொரு தட்டால் மூடி, சோலைமலையின் வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். அழகனே வைக்கச் சொன்னதாகவும் கேள்வி. கம்பெனி நடந்த காலத்தில் இப்படி ஒரு லாபத்தை அது கண்டதில்லை. மிச்சம் இல்லை, முழுத்தட்டு. ஒரு பிள்ளையும் கை வைக்காதது.

சோலைமலை தட்டை உள்ளே எடுத்துப்போனார். கதவைச் சாத்தினார். மண்ணெண்ணெய் விளக்கைப் பக்கத்தில் வைத்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்தார். அளவான உருண்டையாக உருட்டினார். விரல்களுக்கு வேலை மறக்கவில்லை. கை மேலே வந்தது. உதட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

வாய் திறக்கவில்லை.

அவர் அவசரப்படவில்லை. பிடிவாதக்காரர்களிடம் அவசரப்படக் கூடாது. கையை இறக்கி, கொஞ்ச நேரம் விட்டு, வேறொரு பக்கம் பார்த்துக்கொண்டு மறுபடி உயர்த்தினார். இன்னும் சின்னதாக உருட்டிப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அழகன் ஏதோ சொல்ல, சின்னராசா சிரித்தான். நாகலெட்சுமி தட்டுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடும் அகப்பைச் சத்தம் கேட்டது. சோலைமலையின் கையில் உருண்டை ஆறிப்போயிற்று. அதைத் தட்டில் வைத்தார். எல்லாவற்றையும் ஒரு சட்டியில் வழித்து, கொல்லைக் கதவைத் திறந்து, கான் ஓரம் போனார். மடுவத்து நாய் அங்கே வந்திருந்தது.

விடிந்ததும் தட்டைத் தேய்த்துக் கழுவி அவள் வாசலில் வைத்தார். அவள் கூடையை மாட்டிக்கொண்டே, உப்பு சரியா இருந்துச்சாண்ணே என்று கேட்டாள்.

"நல்லாருந்துச்சு தங்கச்சி. ஒரு பருக்க மிச்சம் வைக்கல."

அவளுக்குச் சந்தோஷம். அன்று சாயங்காலம் தட்டில் சோறு ஒரு பிடி கூடுதலாக இருந்தது.