கீழே ஓடிய எழுத்து

பல்லுக்காரர் என்றால் அந்தத் தெருவில் ஒருவர்தான். பல் பிடுங்குகிறவர் இல்லை. பிடுங்கிய இடத்தில் மாட்டிக்கொள்ளப் பொய்ப்பல் செய்து கொடுக்கிறவர். மூன்று டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, தேய்க்கிற மெஷினை ஓடவிட்டு, யாரோ ஒருவருடைய சிரிப்பைத் தேய்த்துத் தேய்த்து வழிக்குக் கொண்டுவருவார். முப்பத்தைந்து வருஷம் அந்த மெஷின் இரைந்ததில் வலது காது போயே போய்விட்டது, இடது காது ஏதோ ஒப்பேற்றுகிறது. அதை அவர் ஒப்புக்கொண்டால்தானே. இந்தக் காலத்தில் எல்லோரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்பார்.

பின்னறை சங்கதி வேறு. அங்கே சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்கப் படம். பாதி வீடியோ கேசட், பாதி டிஸ்க், மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. எல்லாம் எங்கெங்கோ எடுத்த படங்கள், பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. பாட்டு இல்லை, சண்டை இல்லை, சிலதில் கதையே இல்லை. ஒருத்தன் ஜன்னல் வழியாக வெளியே பார்க்கிறதை நீ அரை மணி நேரம் பார்க்கிறாய், உன்னை யார் பார்ப்பது என்று அவருடைய மைத்துனர் கேட்பார்.

ஆரம்பித்து வைத்தது ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியர். மூன்று இடத்தில் செய்தும் பொருந்தாத பல்செட்டை இவர் ஒரே தடவையில் பொருத்திக் கொடுத்த சந்தோஷத்தில், அட்டைப்பெட்டி நிறையக் கேசட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். மரியாதைக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம் என்று போட்டவர் முதல் காட்சியிலேயே விழுந்துவிட்டார். எதில் என்கிறீர்கள்? பல்லில்தான். நம் படங்களில் பிச்சைக்காரிக்குக்கூட முத்துப்பல் இருக்கும். இதில் கதாநாயகிக்கே முன்பல் ஒன்று மேலேறி இருந்தது. அவள் அழுதபோது காமிரா நகராமல் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. இவ்வளவு பொறுமையாக ஒரு வாயைப் பார்க்கிற பைத்தியம் நான் ஒருத்தன்தான் என்று நினைத்திருந்த மனிதருக்கு, எங்கோ கடல் தாண்டி ஒரு கூட்டாளி கிடைத்த மாதிரி ஆகிவிட்டது.

அப்புறம் என்ன, பித்துதான். மூடப்போகிற வீடியோ கடைக்கு முதல் ஆளாகப் போய் நிற்பார். நூலகத்தில் கழித்துக் கட்டிய பெட்டியை ஆட்டோவில் ஏற்றி வருவார். பூஞ்சை பிடிக்காமல் இருக்க, மருந்துக் கடைக்காரரிடம் கெஞ்சி மாத்திரை டப்பாவுக்குள் போடுகிற ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களை வாங்கி வந்து அலமாரிக்குள் வைப்பார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு கேசட்டையும் முழுக்க ஓட்டிச் சுற்றிவைப்பார். ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தால் மனுஷனுக்கே இடுப்பு பிடித்துக்கொள்ளும், நாடாவுக்குப் பிடிக்காதா என்பது அவர் வாதம்.

ஒரே ஒரு சிக்கல். படத்துக்குக் கீழே ஓடுகிற எழுத்து ஆங்கிலம். இவருக்குத் தெரிந்த ஆங்கிலமோ பல்லுகளின் பெயரும், டாக்டர் எழுதும் சீட்டும்தான். எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அடுத்த வரி வந்து நிற்கும்.

அதற்குத்தான் மனைவி இருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் டைப்பிஸ்ட்டாக வேலை பார்த்தவள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு ஆனதும் திரைச்சீலையை இழுத்துவிட்டு, சோபாவில் அவருக்கு இடது பக்கமாக உட்கார்ந்து, கீழே ஓடுகிறதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவாள். சத்தம் போடாமல், காதோரமாக, படத்துக்கு அரை நொடி பின்னால். இருபத்திரண்டு வருஷம் அப்படித்தான். அந்த நானூறு படத்திலும் ஆணோ பெண்ணோ கிழவனோ குழந்தையோ, எல்லோர் வாயிலிருந்தும் அவருக்குக் கேட்டது அவள் குரல் ஒன்றுதான். படம் முடிந்ததும் அவர் ஒரு பெயர் வைப்பார். 'கிணற்றடி', 'ரெண்டு பாலம்', 'அழாத பையன்'. அவள் அதைத் துண்டுக் காகிதத்தில் தமிழில் எழுதி, அன்றைய தேதியையும் போட்டு, பெட்டியின் முதுகில் ஒட்டிவிடுவாள்.

வாயைப் பார்த்தே பிழைக்கிற ஆள் அல்லவா, ஒரு தடவை கேட்டும் விட்டார். படத்தில் அந்தப் பெண் ரெண்டு தடவைதான் உதட்டைத் திறந்தாள், நீ இவ்வளவு நீளமாகச் சொல்கிறாயே என்று. அந்த பாஷை அப்படி, ஒரு வார்த்தையைப் பிழிந்தால் பத்து வார்த்தை கொட்டும் என்றாள் அவள். இவரும் தலையாட்டிக்கொண்டார்.

அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது. மார்பில் கட்டி. ஆஸ்பத்திரிக்குப் போனபோது எல்லாம் கைமீறிவிட்டது. ஏழெட்டு மாதம் முன்னால் வந்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று டாக்டர் வாய்விட்டே சொல்லிவிட்டார். பல்லுக்காரருக்கு அழுகைக்கு முன்னால் வந்தது ஆத்திரம்தான். கட்டிலருகே நின்று, கட்டின புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையா என்று கேட்டார். அவள் கண்ணை மூடியபடியே, "சொன்னேன்" என்றாள். எப்போது சொன்னாய் என்று இவர் குரலை உயர்த்தினார். அதற்குப் பிறகு அவள் பேசியதெல்லாம் தண்ணீர், தலையணை, மகள் வந்தாளா, அவ்வளவுதான்.

சாவைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். அந்த 'சொன்னேன்' தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. மறைத்ததும் இல்லாமல் பொய் வேறா. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அதையேதான் சொன்னார். "ஒரு வார்த்தை சொல்லலைங்க. சொல்லாமலே போயிட்டா."

ஆனால் பின்னறை அவரை விடவில்லை. அவள் போன பிறகு முதல் தடவை ஒரு படத்தைப் போட்டார். திரையில் யாரோ ஒரு பெண் வாயைத் திறந்தாள். இடது காதில் மனைவியின் குரல் கேட்டது, அட்சரம் பிசகாமல். எகிறி எழுந்து அணைத்தார். மறுவாரம் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு ஓட்டினார். அப்போதும் கேட்டது. சோபாவின் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கப் பயம், திரும்பாமல் இருக்கவும் பயம். ஆனாலும் ஞாயிறு மதியம் ஆனால் கால் தானாகப் பின்னறைக்குப் போகும். கோபத்தோடு போய், திகிலோடு உட்கார்ந்து, ஊமைப்படம் பார்த்துவிட்டு வருவார். யாரிடம் சொல்ல முடியும் இதை? கிழவருக்குக் கழன்றுவிட்டது என்பார்கள்.

மகள் ஒருத்தி. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை, இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி வீடு. ஒரு ஞாயிறு சாப்பாட்டு கேரியரோடு வந்தவள், இருட்டறையில் சத்தமில்லாத படத்தின் முன்னால் அப்பா வியர்த்துப்போய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். என்ன ஏது என்று துருவவில்லை. நான் படித்துச் சொல்லட்டுமா என்று மட்டும் கேட்டாள். இவர் வேண்டாம் என்று தலையாட்டுவதற்குள் அவள் இடது பக்கம் உட்கார்ந்துவிட்டாள். வேறு ஒரு குரல் அந்தக் காதில் விழுந்தால் பழையது ஓய்ந்துவிடும் என்று அவருக்கும் ஒரு நப்பாசை.

ஓடிக்கொண்டிருந்தது 'தையல்காரி'. இருட்டுச் சமையலறையில் ஒரு பெண் நின்று பேசுகிறாள்.

"உருளைக்கிழங்கு தீர்ந்துபோச்சுங்கறா," என்றாள் மகள்.

பல்லுக்காரர் சிரித்துவிட்டார். சரியாகப் பார் என்றார். இந்த இடம் அவருக்கு மனப்பாடம். இந்த அடுப்படியில் ஒரு ஜன்னல் மட்டும் இருந்தால் நான் ராணி மாதிரி இருப்பேன் என்று இந்தப் பெண் சொல்வாள். நியாயம்தானே, இருட்டில் எப்படிச் சமைப்பது என்று இவரும் அன்று சொன்னார்.

மகள் படத்தை நிறுத்தி, கிட்டே போய்ப் படித்தாள். உருளைக்கிழங்குதான். ஜன்னலும் இல்லை, ராணியும் இல்லை.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் படம் பார்த்த மறுமாதம்தான் கொத்தனாரைக் கூப்பிட்டு இந்த வீட்டுச் சமையலறையில் சுவரை இடித்து ஜன்னல் வைத்தார். தன் சொந்த யோசனை என்று இத்தனை நாளும் பெருமை வேறு அடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா உங்களை நல்லா ஏமாத்தியிருக்காப்பா," என்று மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு பொங்கியது. மூன்று வருஷத்தில் அந்த அறையில் முதல் சிரிப்பு. கில்லாடி, சரியான கில்லாடி என்று தொடையில் தட்டிக்கொண்டார். சூடு ஆறுவதற்குள் அடுத்ததை எடுத்துப் போட்டார்கள், 'ஸ்டேஷன் மாஸ்டர்'. அதில் மாஸ்டரின் மனைவி கணவனைப் பார்த்து, பெண்ணை வெளியூருக்கு அனுப்பியாவது படிக்க வை, நம்மோடு போகட்டும் இந்தக் கிணற்றுத் தவளை வாழ்க்கை என்று சொல்வாள். கீழே ஓடிய எழுத்தோ, ரயில் நாற்பது நிமிஷம் தாமதம் என்றது.

மகளுக்குச் சிரிப்பு நின்றது. ஹாஸ்டலில் சேர்த்துப் படிக்க வைத்தது அப்பாவின் பெரிய மனசு என்றுதான் அவள் இதுவரை நினைத்திருந்தாள். இதையெல்லாம் நேராகவே கேட்டிருக்கலாமே, ஏன் கேட்கவில்லை என்றாள்.

அவர் யோசித்தார். நேராகவும் கேட்டிருப்பாள். வாரம் ஆறு நாளும் மெஷின் ஓடும். அடுப்படியிலிருந்து அவள் ஏதாவது சொன்னால் இவர் நிமிராமலே ம், ம் என்பார். அவள் வாயை அசைத்தால் இவர் காதைக் கொடுத்தது ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம்தான். சொல்ல வேண்டியதை அங்கே வைத்துச் சொன்னால் வேலை நடக்கிறது என்று கண்டுகொண்டாள், அவ்வளவுதான். நினைக்க நினைக்க அவருக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்து எதைப் போடலாம் என்று அலமாரியில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர் ஒரு கேசட்டில் நின்றார். விரல் அங்கேயே நின்றது. முகம் வெளுத்ததை மகள் பார்த்தாள். எடுத்து நீட்டினார். முதுகில் அம்மாவின் கையெழுத்து: 'கோழிக்கூண்டு'. கீழே தேதி. ஆஸ்பத்திரியில் சேர்த்ததற்குச் சரியாக எட்டு மாதம் முன்னால்.

போடு என்று கையைக் காட்டினார். பாதிப் படத்துக்கு மேல் நாடாவை ஓட்டச் சொன்னார். ஒரு பண்ணை வீட்டு முற்றம். தலையில் துணி கட்டிய நடுவயதுப் பெண் கூண்டருகே குனிந்திருக்கிறாள். கொஞ்சம் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு, கணவன் வலை பின்னுகிறான். அவள் நிமிராமல் இரண்டே தடவை உதட்டை அசைக்கிறாள்.

"என்ன சொல்றா?"

மகள் படத்தை நிறுத்தினாள். பழைய கேசட், நிறுத்தியதும் அந்தப் பெண்ணின் முகம் நடுங்கியது. "ரெண்டு நாளா முட்டை இல்லைங்கறா. அவ்வளவுதான்ப்பா. ஏன்?"

அவர் திரையைப் பார்த்தபடியே சொல்லத் தொடங்கினார். அவருடைய குரலில் அல்ல. அரை நொடி பின்னால், காதோரம் சொல்கிற அந்தத் தணிந்த குரலில். "இந்தப் பக்கம் மாருல கல்லு மாதிரி ஒண்ணு தட்டுப்படுது. ரெண்டு வாரமா இருக்கு. எனக்குப் பயமா இருக்கு."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, நீங்கள் என்ன சொன்னீர்கள் அப்பா என்று கேட்டாள். கேட்டிருக்க வேண்டாம்தான்.

அவருக்கு அதுவும் மறக்கவில்லை. அன்று மதியம் கால்களை நீட்டி உட்கார்ந்துகொண்டு, திரையில் முதுகு காட்டியவனைப் பார்த்துச் சிரித்திருந்தார். அவ பாட்டுக்கு உசிரு போற விஷயம் சொல்றா, அந்த மடையன் வலை பின்றான் பாரு, செவிடன் போல என்றார். அவளும் சிரித்தாள். "நல்ல மனுஷன்தான். காதுதான் கொஞ்சம் மந்தம்," என்றாள். பிறகு காத்திருந்தாள். இப்போது அவருக்குத் தெரிகிறது, அவள் காத்திருந்தாள். அந்தப் படத்தில் அதற்குப் பிறகு வெகுநேரம் யாரும் பேசவே இல்லை. சாப்பிட்ட களைப்பில் இவர் தூங்கிப்போனார்.

பாவி, பாவி என்று மார்பில் ஒரு குத்து விட்டுக்கொண்டார். மகள் கையைப் பிடித்தாள். அழுதுகொண்டே, அணைத்துவிடுகிறேன் அப்பா என்றாள். அணைக்காதே என்றார். பின்னால் ஓட்டு, அவள் குனிகிற இடத்துக்குப் போ என்றார்.

மகள் ஓட்டினாள். நாடா கிறீச்சிட்டுப் பின்னால் போய் நின்று, மறுபடி நகர்ந்தது. முற்றம், கூண்டு, முதுகு காட்டியவன். அந்தப் பெண் குனிந்தாள், உதடு இரண்டு தடவை அசைந்தது. பல்லுக்காரர் சோபாவிலிருந்து எழுந்தார். மூன்று வருஷமாகத் திரும்பிப் பார்க்கப் பயந்த பக்கத்தைப் பார்த்து, மகள் தலைக்கு மேலாக, சத்தமாகச் சொன்னார்.

"காதுல விழுந்துச்சும்மா. படம் கெடக்கட்டும். எந்திரி, செருப்பைப் போடு, டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடலாம்."