லிட்டருக்கு நூறு கிராம்

விழுப்புரத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில்தான் எங்கள் ஆபீஸ். ஐந்து கம்ப்யூட்டர், ஐந்து பேர், ஒரு ஏசி. திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். என்ன வேலை என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் எழுத்து வேலை என்று கொஞ்சம் பெருமையாகச் சொல்வேன். இப்போது கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

வேலை இதுதான். ஒருவர் போனில் எதையாவது தேடினால் வரிசையாகப் பக்கங்கள் வருமே, அந்த வரிசையில் எங்கள் பக்கம் முதலில் வர வேண்டும். முதலில் வந்தால் ஆட்கள் உள்ளே வருவார்கள், வந்தால் விளம்பரம் ஓடும். வந்தவருக்குக் கேட்டது கிடைத்ததா என்பது எங்கள் கவலை இல்லை. அப்படி யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் சேர்ந்த ஒரு வாரத்தில் எல்லோருக்கும் புரிந்துவிடும்.

சேர்ந்த புதிதில் நாளைக்கு மூன்று கட்டுரை எழுதுவேன். தமிழ் எம்.ஏ. படித்த திமிர் எனக்கு உண்டு. மேல்மலையனூர் அமாவாசைக்கு எந்தெந்த பஸ் என்று எழுதச் சொன்னபோது பஸ் ஸ்டாண்டுக்கே போய் நின்று, டைம் கீப்பரைத் தொல்லை செய்து, நேரத்தை எல்லாம் குறித்துக்கொண்டு வந்து எழுதினேன். "எதுக்கும்மா உனுக்கு இத்தினி கேள்வி, நீ போறதுக்கு ஒரு பஸ்ஸு போதாதா?" என்று அவர் சிரித்தார். அந்தக் கட்டுரை நாலாவது இடத்தில்தான் வந்தது. ஆனாலும் அதில் ஒரு தப்பு கிடையாது.

பிறகு ஏஐ வந்தது. எங்கள் ஓனர் என்னைவிட நாலு வயது சின்னவர், ஆனாலும் சார்தான். ஒரு நாள் காலை அப்போது இருந்த எங்கள் ஒன்பது பேரையும் சுற்றி நிற்க வைத்து ஓட்டிக் காட்டினார். நான் அரை நாள் உட்கார்ந்து எழுதுவதை அது டீ ஆறுவதற்குள் எழுதி, தலைப்பு வைத்து, தேடுபவர்கள் என்னென்ன வார்த்தை போடுவார்கள் என்று பார்த்து அதையும் இடையிடையே செருகி, படமும் போட்டுக் கொடுத்தது. அந்த மாதக் கடைசியில் நான்கு பேரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். என்னை மட்டும் கூப்பிட்டு, "நீங்க இருங்கம்மா. செக் பண்றதுக்குத் தமிழ் தெரிஞ்ச ஆளு ஒண்ணு வேணும்ல" என்றார். அனுப்பப்பட்டவர்களில் ஒருத்தி என்னோடு தினமும் டிபன் பாக்ஸைப் பகிர்ந்து சாப்பிட்டவள். அவளுக்காக நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

நாளைக்கு நாற்பது பக்கம் செக் செய்ய வேண்டும். முதல் வாரம் வரிக்கு வரி படித்தேன். இரண்டாவது வாரம் பாதிப் பாதி. பிறகு மேலிருந்து கீழே ஒரு தள்ளு தள்ளி, தலைப்பும் படமும் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு பட்டனை அழுத்தப் பழகிக்கொண்டேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பச்சை எழுத்தில் "எங்கள் வல்லுநர் குழு சரிபார்த்தது" என்று வரும். அந்தக் குழு நான்தான்.

விவசாயப் பக்கங்கள் ஆரம்பித்தபோது ஒன்றும் எடுபடவில்லை. பெரிய பெரிய தளங்கள் எல்லாம் முன்னால் நின்றன. ஓனர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன். "சார், எல்லாரும் நிலக்கடலைன்னு எழுதறாங்க. நம்ம பக்கத்துல யாரு சார் நிலக்கடலைன்னு சொல்றது? இப்ப எல்லாரும் போன்ல பேசித்தான் தேடறாங்க. மல்லாட்டைன்னுதான் கேப்பாங்க. கேழ்வரகையும் கேப்பைன்னுதான் கேப்பாங்க. நாம அப்படியே எழுதுவோம், நம்ம ஊரு ஆளு பேசற மாதிரி."

அவர் என்னையே பார்த்தார். பிறகு கைதட்டினார். நானே உட்கார்ந்து மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்தேன். 'வாணாம்' என்று எழுது, 'பண்ணிக்கினு' என்று எழுது, படிப்பவருக்குத் தைரியம் சொல்லு, அறுபது வயது விவசாயி பேசுவதைப் போலப் பேசு. எழுதியவர் என்று போட ஒரு முகமும் செய்யச் சொன்னோம். வெள்ளை மீசை, தோளில் பச்சைத் துண்டு, சிரித்த கண். உலகத்தில் இல்லாத மனிதர். பார்த்தால் மயிலம் சந்தையில் நேற்றுப் பார்த்த ஆள் போல இருப்பார். பத்தே நாளில் "மல்லாட்டை இலை மஞ்சளாவுதா? கவலை வாணாம்!" என்ற பக்கம் முதலிடத்துக்கு வந்துவிட்டது. ஓனர் எல்லோருக்கும் பாதாம் பால் வாங்கிக் கொடுத்தார். மூன்று வருடம் உண்மையை எழுதிக் கிடைக்காத பாராட்டு அன்றைக்குக் கிடைத்தது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவுக்கு என்னைவிட ஆறு வயது அதிகம். பிரம்மதேசம் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். மாமா ஒரகடத்தில் கம்பெனி வேன் ஓட்டுகிறார், பதினைந்து நாளுக்கு ஒரு முறை வருவார். அவர்களுக்கு ஒரு ஏக்கர் இருக்கிறது. ஆள் கிடைக்கவில்லை, கிடைத்த ஆளையும் மேய்க்க முடியவில்லை என்று மாமா அதில் சவுக்கு நட்டுவிடலாம் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நட்டுவிட்டால் நாலைந்து வருடத்துக்கு நிலத்தின் பக்கமே போக வேண்டாம். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. அவளுக்கு ஊரில் இருப்பது அந்த ஒரு வேலைதான். சண்டை போட்டு, இரண்டு நாள் பேசாமல் இருந்து, கடைசியில் ஒரு வாக்கு வாங்கினாள்.

"ஒரு போகம் என்கிட்ட வுடுய்யா. நானே பாத்துக்கினு எடுத்துக் காட்டறேன். முடியலன்னா அப்பறம் நீ இன்னா வேணா வெச்சிக்கோ."

தையில் மல்லாட்டை போட்டாள். போனில் பேசினால் வேறு பேச்சே கிடையாது. முளைத்தது, களை எடுத்தது, போரில் தண்ணீர் நன்றாக வருகிறது, பூ வைக்கிறது. "வந்து பாருடி, மாமா மூஞ்சில கரிய பூசறேனா இல்லையா பாரு" என்பாள். எனக்கு வேலை இருந்தது. நாற்பது பக்கம் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். வாசலில் அக்கா இல்லை. நிலத்துக்குப் போனேன். வரப்பில் உட்கார்ந்திருந்தாள். ஒரு ஏக்கரும் அடுப்பில் வாட்டி எடுத்தது போலக் கருகிக் கிடந்தது. இலையைத் தொட்டால் நொறுங்கியது. பூ எல்லாம் கொட்டிவிட்டது.

"இலை மஞ்சளா ஆச்சுடி," என்றாள். "போன்ல கேட்டேன். அன்னபேதி உப்பு கரைச்சு அடின்னு போட்டிருந்துச்சு. அடிச்சேன். மூணே நாளு."

"எவ்ளோ போட்ட?"

"லிட்டருக்கு நூறு கிராம். டேங்குக்கு ஒரு கிலோ. எனக்கே ஜாஸ்தியா தெரிஞ்சுதுடி. உரக்கடைக்காரரு கூட இன்னாம்மா இத்தினி கிலோன்னு கேட்டாரு. போன காட்டினேன். அவரும் பாத்துட்டு, போட்டிருக்குதே, பெரியவரு சொல்றாருன்னு நிறுத்துக் குடுத்துட்டாரு."

போனை என்னிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீரைத் திருப்பிவிடப் போனாள். எதற்குத் திருப்பினாள் என்று தெரியவில்லை, செடியெல்லாம்தான் செத்துக் கிடந்ததே. போனைத் திறந்தால் வெள்ளை மீசை, பச்சைத் துண்டு. "தைரியமா அடிங்க, ஒண்ணும் ஆவாது" என்று எழுதியிருந்தது. அதற்கு மேல் வரியில் லிட்டருக்கு நூறு கிராம். அடியில் பச்சை எழுத்தில் எங்கள் வல்லுநர் குழு.

பத்து கிராம்தான் போட வேண்டும். ஒரு சைபர் கூடுதல். அது எங்கிருந்து வந்தது என்று மெஷினுக்கும் தெரியாது. மல்லாட்டைக் காட்டில் வளர்ந்தவள் நான், எங்கள் அப்பா அன்னபேதி கரைக்கும்போது பக்கத்தில் நின்றவள். ஒரே ஒரு தடவை படித்திருந்தால் போதும். படிக்கவில்லை.

அக்கா திரும்பி வந்து, "பாத்தியா?" என்றாள். "ம்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

"நம்ம ஊரு ஆளு மாதிரி பேசறாரேன்னு நம்பிட்டேன்டி," என்றாள்.

திங்கட்கிழமை முதல் வேலையாக ஓனரிடம் சொன்னேன். அக்கா என்று சொல்லவில்லை, தெரிந்தவர்கள் என்றேன். பக்கத்தை எடுத்துவிடலாம் என்றேன்.

"ஃபர்ஸ்ட்ல இருக்குதும்மா, எடுக்கக் கூடாது. நம்பரை மட்டும் மாத்திடுங்க."

"மேல ஒரு வரி போடலாம் சார். முன்னாடி தப்பா வந்துடுச்சின்னு. யாராவது வாங்கி வெச்சிக்கினு நாளைக்கு அடிக்கலாம்னு இருந்தா..."

"நாமளே தப்பு பண்ணோம்னு போர்டு மாட்டிக்கணுமா? வந்து கேட்டா மட்டும் இன்னா, இப்ப பத்துன்னுதான இருக்கும்?"

சீட்டில் போய் உட்கார்ந்து அந்தச் சைபரை அழித்தேன். ஒரு தட்டுதான். அச்சடித்த புத்தகமாக இருந்தால் தப்பு தப்பாகவே நின்று சாட்சி சொல்லும். இதில் ஒரு தழும்பு கூட இல்லை. நேற்றும் பத்து, போன மாதமும் பத்து என்பது போலப் பக்கம் சாதுவாக உட்கார்ந்திருந்தது. சரி, இனி யாருக்கும் கருகாது என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். வெட்கம் கெட்டவள்.

அந்த வாரக் கடைசியில் மாமா ஊருக்கு வந்தார். ராத்திரி ஒன்பது மணிக்கு அக்கா போன் செய்தாள்.

"மாமா அந்தப் போன வாங்கிப் பாத்தாருடி. பத்துன்னுதான் போட்டிருக்குதாம். நானும் பாத்தேன். பத்துதான்டி. நான்தான் நூறுன்னு படிச்சிருக்கேன்."

போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

"நீயும் அன்னிக்குப் பாத்தியே. இன்னாடி போட்டிருந்துச்சு?"

பின்னால் மாமாவின் குரல் கேட்டது, "அதான் கண்ணால பாத்தாச்சே, இன்னும் யாருகிட்ட கேட்டுக்கினு இருக்கிற?" சொல்லியிருக்க வேண்டியது அந்த நிமிஷம்தான். வேலை போய்விடும் என்ற பயம் என்று சொன்னால் அது பாதி உண்மை. என் தங்கச்சி எழுதறவ என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தவள் அவள். அந்தப் பேச்சு போய்விடுமே என்று பயந்தேன்.

"நான் சரியா கவனிக்கலக்கா," என்றேன்.

உரக்கடைக்காரர் பார்த்தாரே என்று அவளாகவே கேட்கவும் போனாளாம். அவர் தன் போனில் திறந்து பார்த்துவிட்டு, "பத்துதானம்மா போட்டிருக்குது, அன்னைக்கு நான் சரியா பாக்கல" என்று கையை விரித்துவிட்டார். அவருக்கும் என்னைப் போலவே கடை நடக்க வேண்டுமே.

பத்து நாள் கழித்து அக்கா விழுப்புரம் வந்தாள். கண் பார்க்க வேண்டும் என்றாள். ஆபீசில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போனேன். சுவரில் இருந்த எழுத்துகளைக் கடைசி வரி வரைக்கும் தடங்கலில்லாமல் படித்தாள். கிட்டப் பார்வைக்கு ஒரு அட்டையைக் கையில் கொடுத்தார்கள், பொடிப் பொடியாக எண்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல நிமிர்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஏதாவது ஒரு பவர் இருக்கட்டும், ஒரு கண்ணாடி எழுதிக் கொடுக்கட்டும் என்று நான் பக்கத்தில் நின்று வேண்டிக்கொண்டிருந்தேன். கூடப் பிறந்தவளுக்குக் கண் கெட்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவள் நான்.

"கண்ணு ரொம்ப நல்லா இருக்குதும்மா. கண்ணாடியெல்லாம் வாணாம்," என்றார் டெஸ்ட் செய்த பெண்.

அக்கா அட்டையைக் கீழே வைக்கவில்லை. "நல்லா பாருங்கம்மா. ஒரு சைபர் ஜாஸ்தியா தெரியுதும்மா எனக்கு," என்றாள். அந்தப் பெண் சிரித்தார். இன்னொரு தரம் பார்த்தார். ஒன்றுமில்லை என்றார்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். இருவரும் திண்டிவனம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் சொன்னாள்.

"கண்ணு நல்லா இருக்குதுன்னா, அப்ப புத்திதான்டி சரியில்ல." கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமாகிட்ட சவுக்கே வெச்சிக்கச் சொல்லிட்டேன். ஒரு நம்பர ஒழுங்கா படிக்கத் தெரியாதவளுக்கு நெலம் எதுக்கு?"

அழவில்லை. அழுதிருந்தால் நான் சொல்லியிருப்பேனோ என்னவோ. தன் மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கையை ஒரேயடியாக விட்டுவிட்டு, சாதாரணமாகச் சொன்னாள். கண்டக்டர் விசில் ஊதினார். நான் அவள் பக்கம் திரும்பி வாயைத் திறந்தேன்.

"வெயில் அடிக்குது, இந்தப் பக்கம் தள்ளி உக்காருக்கா," என்றேன்.