ராசம்மாவின் கை நடுங்கிய அறுப்பு

சாமை தூற்றும்போது பறக்கும் சுணைத் தூசியை முகர்ந்திருக்கிறீர்களா? காய்ந்த புல் வாசனை. கூடவே தொண்டையில் ஓர் அரிப்பு...

எண்பதுகளின் தொடக்கம். புதூர்நாட்டு மலைப் பக்கம் எனக்கு முதல் வேலை. ஓட்டுக் கட்டடத்தில் அரசு ஆஸ்பத்திரி, ஒரு மருந்து அலமாரி, கம்பவுண்டராக நான். ஜீப் கிடைத்தால் டாக்டர் வருவார்.

அறுப்பு முடிந்ததும் ராசம்மாவுக்கு மூச்சு இழுப்பு வந்துவிடும். களத்தில் தூற்றுவது அவர் வேலை. முடியவில்லை என்றாலும் புருஷன் விடமாட்டார். "பொம்பளைக்கு மூச்சு வாங்கறதுலாம் ஒரு நோவா?" என்பார்.

சால்பூட்டமால் மாத்திரை கொடுத்தேன். புதிதாகப் படித்த திமிர், விளக்கமும் கொடுத்தேன். மூச்சுக்குழாயைச் சுற்றிய தசை இறுகிக் கிடக்கிறது. மருந்து அந்தத் தசைச் செல்லின் வாசலைத் தட்டும், உள்ளே போகாது. உள்ளே சைக்ளிக் ஏ.எம்.பி. என்றொரு தூதுவன் கிளம்பி, 'பிடியை விடு' என்று சொல்வான். தசை தளரும்.

"வாசலோட நின்னுக்குமா? எங்கூருக்கு வர்ற ஆபீசருங்க மாரி," என்றார் ராசம்மா. "இன்னா, அவங்க சேதிய உள்ள எடுத்தாற ஆளு இல்ல சார்."

மாத்திரையைப் பொட்டலம் கட்டினேன். "கை கொஞ்சம் நடுங்கும், பயப்படாதீங்க. கைத் தசையையும் அதே மருந்து தட்டும்," என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலை மாத்திரை போட்டுக்கொண்டு களத்துக்குப் போயிருக்கிறார். முறத்தோடு கை நடுங்கியது. சாமி வந்துவிட்டது என்று சூடம் ஏற்றிவிட்டார்கள். புகை ஆகாதே என்று ஓடினேன். புருஷன் அவர் காலில் விழுந்து கிடந்தார்.

"தாயே, இன்னா கொற? சொல்லு தாயே."

ராசம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"சூடத்த அணைடா. இவள இனிமே களத்துக்கு அனுப்பாத. நீயே தூத்து."

அந்த அறுப்பு முழுக்கப் புருஷன்தான் தூற்றினார். மனைவி வருஷக்கணக்காகக் கெஞ்சியது ஏறவில்லை. தெய்வம் ஒரு தடவை சொன்னது, ஏறிவிட்டது.

ராசம்மா பிறகு வந்து சொன்னார்: "அடுத்த அறுப்புக்கும் இதே மாத்திரய வாங்கி வெய் சார். நடுங்காதது வேணாம்."

போன மாதம் போயிருந்தேன். தார் ரோடு வந்திருக்கிறது. ராசம்மா இல்லை. அவர் மருமகள் தூற்றிக்கொண்டிருந்தார், இடுப்பில் இன்ஹேலர். நடுவில் நிறுத்தி, வாயில் வைத்து உறிஞ்சினார். உள்ளே ஓடுவது அதே தூதுவன்தான். மூச்சு சீரானது. நல்ல மருந்து, கை நடுங்கவே இல்லை...

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முறத்தை மறுபடி எடுத்தார்.