பிரிக்காத பிளாஸ்திரிப் பெட்டி

போன வாரம் எங்கள் அலுவலகத்தில் மக்ரூன் டப்பாவைத் திறந்தார்கள். துறைமுகச் சாலையில் இருக்கும் ஒரு கண்டெய்னர் யார்டில் பாதுகாப்புப் பிரிவில் சேர்ந்து எனக்கு மூன்று வாரம்தான் ஆகிறது. யார்டில் யாருக்கும் காயம் படாமல் நூறு நாள் கழிந்துவிட்டதாம். சுவர் மின்பலகையில் 100 என்று பச்சையாக எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். முந்திரியும் சர்க்கரையும் முட்டை வெள்ளையும் சேர்ந்து சுட்ட வாசனை ஏசிக் காற்றோடு என் மேசைவரை வந்தது. தூத்துக்குடிக்காரர்களுக்கு அது வெளியூர்ப் பயணத்தின் வாசனை. எந்த ஊருக்குக் கிளம்பினாலும் பையில் ஒரு பொட்டலம் இருக்கும். நான் ஒன்றைக் கையில் எடுத்தேன். பிறகு எழுந்து போய் முதலுதவிப் பெட்டியைத் திறந்து பார்த்தேன்.

"என்ன மேடம், தலவலியா?" என்று கேட்டார் பக்கத்து இருக்கை அண்ணாச்சி. இல்லை என்றேன். உள்ளே பிளாஸ்திரி டப்பா இருந்தது. மேலே சுற்றிய கண்ணாடித்தாள்கூடப் பிரிக்கப்படவில்லை. நாற்பது பேர் இரும்போடும் கம்பியோடும் பாடுபடுகிற இடம். நூறு நாளில் ஒருவருக்குக்கூட விரல் கீறவில்லையா? மக்ரூனைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஏன் என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

மீன்வளப் படிப்பு முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை, மாப்பிள்ளையூரணிக்கு அந்தப் பக்கம் இருந்த கணவாய் மீன் கம்பெனியில். கடலிலிருந்து வரும் கணவாயைக் கீறி, உள்ளே இருக்கும் ஓட்டை உருவி, மைப்பையை எடுத்து, வெள்ளை வெளேரென்று ஆக்கி, ஐஸில் உறையவைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். நான் தரக்கட்டுப்பாட்டில் பயிற்சியாளர். வெள்ளைக் கோட்டு, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கையில் அட்டை, அட்டையில் பட்டியல். எனக்குப் பட்டியல் என்றால் உயிர். வீட்டில் மளிகைச் சீட்டைக்கூட அலமாரி வரிசைப்படி எழுதுகிறவள் நான். ஆகவே அந்த வேலை எனக்காகவே கண்டுபிடிக்கப்பட்டது போலிருந்தது.

எட்டு மேசைகள், மேசைக்கு எட்டுப் பெண்கள். கையில் மெல்லிய ரப்பர் உறை, சின்னக் கத்தி. ஐஸ் தண்ணீரில் விரல் மரத்துப்போவதால் வெட்டினால் தெரியாது. மையின் கருப்பில் சிவப்பைப் பார்த்த பிறகுதான் தெரியும். வெட்டிவிட்டால் கையைக் கழுவி, நீல நிறப் பிளாஸ்திரி ஒட்டி, என் பதிவேட்டில் பெயர் எழுதி, காயம் ஆறும்வரை பெட்டி ஒட்டும் பகுதிக்கு அனுப்பவேண்டும். நீலம் ஏனென்றால், வெள்ளைக் கணவாயில் வெள்ளைப் பிளாஸ்திரி விழுந்தால் யார் கண்ணிலும் படாது. நீல நிறத்தில் மீன் சதை கிடையாது. இந்த நியாயத்தை முதன்முதலில் கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. எதற்கெல்லாம் புல்லரித்திருக்கிறேன் என்று இப்போது வெட்கமாக இருக்கிறது.

நாளைக்கு இரண்டு தடவையாவது ஏதாவதொரு மேசையிலிருந்து குரல் வரும். "பிள்ளே, இங்கன வா, வெட்டிட்டு." நான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். மேடம் என்று கூப்பிடச் சொல்லி மேலாளர் அறிவுறுத்தியிருந்தார். யாரும் கேட்கவில்லை. மூன்றாம் மேசையின் தலைவி பேச்சியம்மா அக்காவுக்கு என் அம்மா வயது. "இந்தப் பிள்ளைக்குப் பூட்ஸு பெருசு, ஏளா, ரெண்டு கணவாய உள்ள போட்டு அனுப்புங்க" என்று மேசை முழுவதையும் சிரிக்க வைப்பார். அதே மேசையில் ஓரத்தில் நிற்பவர் ஜெசிந்தா அக்கா. பேச்சு குறைவு, கை வேகம். காயத்துக்கு நான் பிளாஸ்திரி ஒட்டும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தன் ரத்தத்தையே பார்க்கப் பயம்.

வெட்டுக்காயங்கள் அதிகம் என்று சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் எழுதிவிட்டார்கள். மேலாளர் என்னை ஒருநாள் பயிற்சிக்கு அனுப்பினார். ஒரு ஹோட்டல் கூடத்தில், டை கட்டிய ஒருவர், வேலையாட்களின் பழக்கத்தை எப்படி மாற்றுவது என்று படம் போட்டு விளக்கினார். நல்லதைச் செய்தால் உடனே பாராட்டு. பரிசு சின்னதாக இருக்கலாம், ஆனால் தவறாமல் கிடைக்கவேண்டும். எல்லோர் கண்ணிலும் படவேண்டும். குழுவாகக் கொடுத்தால் ஒருவரை ஒருவர் கவனித்துக்கொள்வார்கள். நான் வரிசை எண் போட்டு எழுதிக்கொண்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாகவேண்டும். நான் நாசரேத்துப் பிள்ளை, வாத்தியார் வீட்டுப் பிள்ளை. ஒன்பது வயதில் ஞாயிறு பள்ளியில் ஒவ்வொரு வாரமும் வருகைக்கு ஒரு நட்சத்திரம் ஒட்டுவார்கள். வருடம் முழுக்க விடாமல் வந்தால் ஓரத்தில் பொன் பூசிய வேதாகமம். கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் இருக்கும்போது எனக்கு முதுகில் கொப்புளம் கிளம்பியது. அம்மாவுக்குத் தெரியாமல், முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தேன். வேதாகமம் எனக்குக் கிடைத்தது. அம்மை வகுப்பு முழுவதற்கும் கிடைத்தது. இந்தக் கதையை வீட்டில் நகைச்சுவையாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். ஹோட்டல் கூடத்தில் குறிப்பெடுத்த அன்று அது ஏன் எனக்கு ஞாபகம் வரவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை.

திங்கட்கிழமை போர்டு மாட்டினேன். எட்டு மேசைக்கு எட்டு வரிசை. வெட்டில்லாத நாளுக்கு ஒரு நீல நட்சத்திரம். வாரத்துக்கு ஆறும் சேர்ந்தால் சனிக்கிழமை அந்த மேசையில் ஆளுக்கொரு மக்ரூன் பொட்டலம். ஒருத்திக்கு வெட்டினாலும் எட்டுப் பேருக்கும் கிடையாது. நட்சத்திரம் ஒட்ட ஆரம்பித்த அன்றே பேச்சியம்மா அக்கா எனக்குப் புதுப்பெயர் வைத்தார். "டீச்சர் வந்துட்டாவ, எல்லாரும் கையக் கட்டுங்க."

முதல் வாரம் பதிவேட்டில் ஒன்பது பெயர். அடுத்த வாரம் மூன்று. அதற்கடுத்த வாரம் ஒன்றுமில்லை. காயக் கணக்குக்கு நான் வரைந்த கோடு தரையைத் தொட்டது. காலைக் கூட்டத்தில் மேலாளர் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார். அதற்குப் பிறகு நான் தினமும் பத்து நிமிடம் முன்னதாக வந்தேன். எனக்கும் நட்சத்திரம் ஒட்டியாகிவிட்டது என்பது அப்போது உறைக்கவில்லை. புதிதாக வாங்கிய பிளாஸ்திரி டப்பா பிரிக்கப்படாமலே இருந்தது. மேலாளர் வரும்போது அவர் கண்ணில் படட்டும் என்று மேசைமேல் நிமிர்த்தி வைத்தேன்.

உள்ளே வழக்கமான சத்தம் கொஞ்சம் குறைந்திருந்தது. கவனமாக வேலை செய்கிறார்கள் என்று குறித்துக்கொண்டேன்.

ஆறாவது சனிக்கிழமை மாலை நான்கு மணி. எட்டு மேசைக்கும் முழு நட்சத்திரம். பெண்கள் வரிசையாக வந்தார்கள், நான் பெயருக்கு நேரே கோடு போட்டுவிட்டுப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஜெசிந்தா அக்கா இடது கையை நீட்டினார். இனிப்பை யாரும் இடது கையில் வாங்குவதில்லை. அதிலும் அவர், நான் கொடுக்கும் பிளாஸ்திரியைக்கூட வலது கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர். நான் சிரித்துக்கொண்டே, "வலது கையில வாங்குங்க அக்கா" என்றேன்.

பின்னால் நின்ற மூன்றாம் மேசை மொத்தமும் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டது.

வலது கையில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு உறை. கழற்றச் சொன்னேன். நானே கழற்றினேன். முதல் உறை வந்தது, இரண்டாவது தோலோடு ஒட்டியதுபோல வந்தது. ஆள்காட்டி விரல் இரண்டு விரல் பருமன் இருந்தது. நுனி கருநீலம். வெட்டின் வாய் கண்ணாடிபோலப் பளபளவென்று மூடியிருந்தது. அதற்கடியில் மஞ்சளாக ஏதோ திரண்டிருந்தது. முந்திரி வாசனையை மீறி இன்னொரு வாசனை வந்தது. அது எனக்குத் தெரிந்த வாசனைதான். கெட்டுப்போன மீனைத் தள்ளுபடி செய்ய எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"என்ன அக்கா போட்டிருக்கீங்க?"

பேச்சியம்மா அக்காதான் சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல். "செருப்பு ஒட்டுத பசை டீச்சர். ஒரு சொட்டு விட்டா ரத்தம் நின்னுரும். மேல ஒற போட்டா ஒண்ணும் தெரியாது. சனிக்கிழம வரைக்கும் பொறுத்துக்கோன்னு நாங்கதான் சொன்னோம்."

பசைக்குழாய் பேச்சியம்மா அக்காவின் தூக்குச்சட்டியின் மேல்தட்டில் இருந்தது. உடை மாற்றும் அறையில் அது மேசை மேசையாகப் போய் வந்திருக்கிறது. ஒவ்வொருவரும் உறையைக் கழற்றுங்கள் என்றேன். என் குரல் நிதானமாக இருந்ததாகப் பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில்லை. மக்ரூன் பட்டியலின் பின்பக்கத்தில் மேசைவாரியாக எழுத ஆரம்பித்தேன். பெயர், எந்த விரல், எத்தனை நாள். பதினான்காவது பெயரில் பேனா நின்றுவிட்டது. மை தீரவில்லை. பேனாவை மூடிவிட்டு ஆட்டோவுக்கு ஆளனுப்பினேன்.

ஜெசிந்தா அக்காவிடம் மட்டும் ஒன்று கேட்டேன். என்னைக் கூப்பிட்டிருக்கலாமே என்று.

"எப்படி டீச்சர்? என் ஒரு வெரலுக்காக ஏழு பேரு வீட்டுக்கு வெறுங்கையோட போறதா? சனிக்கிழமன்னா பிள்ளைய வாசல்லயே நிக்கும்லா."

பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட்டிப்போனேன். எத்தனை நாளாயிற்று என்று டாக்டர் கேட்டார். செவ்வாய்க்கிழமையிலிருந்து. இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்று என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஜெசிந்தா அக்கா என்னைக் கைகாட்டியிருக்கலாம். "நாந்தான் டாக்டர் கவனிக்கல" என்றார். மறுநாள் காலை விரலின் நுனிக் கணுவை எடுத்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் கவனித்தேன், முந்தினநாள் கொடுக்காமல் விட்ட அந்தப் பொட்டலம் என் கைப்பையிலேயே இருந்தது. மக்ரூன்கள் நொறுங்கித் தூளாகியிருந்தன.

திங்கட்கிழமை மேலாளரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். காயம்பட்ட கைகள் தொட்ட ஆறு வாரச் சரக்கை நினைத்து அவர் முகம் வெளுத்தது. அது நியாயம்தான். கிடங்கில் இருந்ததை நிறுத்திவைத்தார். சிகிச்சைச் செலவைக் கம்பெனி ஏற்கும் என்றார். பிறகு, "மக்ரூனாலதான் பிரச்சனை. மாசத்துக்கொரு குக்கர் கொடுத்துப் பாப்போமா?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. என்னோடு அதே பயிற்சிக்குப் போயிருந்தால் என்னைவிட நன்றாகக் குறிப்பெடுத்திருப்பார்.

போர்டை நானே கழற்றினேன். மூன்றாம் மேசைக்கு முன்னால் போய் நின்று, இனிமேல் காயத்தைச் சொல்கிறவர்களைத்தான் பாராட்டப்போகிறோம் என்றேன். பேச்சியம்மா அக்கா கத்தியைத் துடைத்துக்கொண்டே, "வெட்டுனதுக்கும் மக்ரூனா டீச்சர்? அப்பம் நாங்களே கீறிக்கிடுவோமே" என்றார். யாரோ ஒருத்தி சிரித்தாள். ஓரத்தில் ஜெசிந்தா அக்கா நின்ற இடத்தில் புதிதாக ஒரு பெண் நின்றிருந்தாள்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் அங்கே வேலை பார்த்தேன். தினமும் காலையில் நானே எல்லோர் கையையும் பார்த்தேன். வெட்டுக்காயத்தைக் கண்டுபிடித்தேன், பிளாஸ்திரி ஒட்டினேன், பதிவேடு நிரம்பியது. ஆனால் ஒருவரும் தானாகக் கூப்பிடவில்லை. கையை நீட்டச் சொன்னால் நீட்டுவார்கள், சோதனைச்சாவடியில் நீட்டுவதுபோல. பூட்ஸைப் பற்றியும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கம்பெனி இப்போது இல்லை. கட்டடத்தை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. மழை பெய்தால் மட்டும் குளோரினும் கணவாய் மையும் கலந்த பழைய நாற்றம் மண்ணிலிருந்து லேசாகக் கிளம்புவதாக எனக்குத் தோன்றும். பிரமையாகவும் இருக்கலாம். பேச்சியம்மா அக்கா மகளோடு விளாத்திகுளம் போய்விட்டதாகக் கேள்வி.

ஜெசிந்தா அக்காவை ஒரே ஒரு தடவை பார்த்தேன், இரண்டு வருடத்துக்கு முன்னால், காய்கறி மார்க்கெட்டில். நான்தான் முதலில் கவனித்தேன். ஒரு நிமிடம் வெங்காய மூட்டைக்குப் பின்னால் நின்றுகொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் எடுத்து, பெருவிரலாலும் நடுவிரலாலும் நுனியை ஒடித்துப் பார்த்தார். குட்டையான விரல் அந்த வேலையில் சேராமல் சற்று விலகி நின்றது. அதே வேகம்.

கிட்டப் போனேன். அடையாளம் தெரிந்து சிரித்தார். பிள்ளைகள் படிப்பதைப் பற்றிச் சொன்னார், என் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டார். விரல் எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு வெகுநேரம் பிடித்தது.

"வேல செய்யும்போது ஒண்ணும் தெரியாது. ஐஸத் தொட்டா மட்டும் நுனி வலிக்கும்" என்றார். பிறகு அந்த விரலை ஒருதடவை பார்த்துக்கொண்டார், இப்போது முகத்தைத் திருப்பாமல். "இல்லாத நுனி."

நான் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். பழையபடி பிள்ளே என்று ஒருதடவை கூப்பிட்டுவிட மாட்டாரா என்று இருந்தது. அவர் பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

"வாரேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு, பஸ் நிற்கும் பக்கம் நடந்தார்.